இரண்டு பரேட்டோ முகப்புகளில் எது மேல்? பல்குறிக்கோள் உகப்பாக்கத் தீர்வுகளை அளந்து ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே குறிக்கோள் உள்ள கணக்கில் ஒப்பீடு நொடிப்பொழுது வேலை. ஓர் அல்காரிதம் 412 என்கிறது, இன்னொன்று 409 என்கிறது, குறைவானது வென்றது. குறிக்கோள் இரண்டானதும் இந்தச் சுகம் போய்விடுகிறது. அனல் மின் நிலையங்களுக்கிடையே சுமையைப் பகிரும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் செலவும் குறைய வேண்டும், புகைபோக்கி வழியே வெளியேறும் மாசும் குறைய வேண்டும். ஓர் அளவுக்கு மேல் செலவைக் குறைத்தால் மாசு கூடும், மாசைக் குறைத்தால் செலவு கூடும். ஆகவே அல்காரிதம் ஒரு தீர்வைத் தருவதில்லை, ஒன்றையொன்று முழுதாக வெல்ல முடியாத தீர்வுகளின் கணத்தைத் தருகிறது. அதைத்தான் பரேட்டோ முகப்பு என்கிறார்கள். இரு அல்காரிதங்களை ஒப்பிடுவது இரு புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடுவதாகிவிடுகிறது.

இதற்காக முன்வைக்கப்பட்ட அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. மிச்சிங் லீ, ஷின் யாவ் இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 100 அளவுகோல்களை அலசுகிறது. அத்தனையையும் அறிய வேண்டியதில்லை. நான்கைந்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். சாயாத அளவுகோல் என்று ஒன்று கிடையாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய அளவு சிறியவை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: ஓட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

எந்த அளவுகோல், எத்தனை மதிப்பீடுகள், எத்தனை ஓட்டங்கள், எந்தப் புள்ளியை வைத்து அளப்பது ஆகியவற்றை முடிவுகள் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். முடிவுகளைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால், நம் அல்காரிதம் ஜெயிக்கும் அளவுகோல் ஒன்று எப்படியும் அகப்பட்டுவிடும்.

ஒப்பீட்டின் அலகு நேரமாக இருக்கலாம், குறிக்கோள் மதிப்பீடுகளின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். ஒரு தீர்வின் குறிக்கோள் மதிப்புகளை ஒருமுறை கணக்கிடுவதே ஒரு மதிப்பீடு. ஒரு மதிப்பீட்டுக்கே பல நிமிடங்கள் ஓடும் சிமுலேஷன் என்றால் எண்ணிக்கைதான் நியாயமான அலகு. எதுவானாலும் இரு தரப்புக்கும் ஒரே வரம்பு.

படி 2: தரவைச் சுத்தம் செய்தல்

சலிப்பான வேலைதான், ஆனால் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எல்லாக் குறிக்கோள்களையும் ஒரே திசைக்குக் கொண்டுவாருங்கள். மென்பொருள்களில் பல, குறைவே நல்லது என்று எடுத்துக்கொள்கின்றன. கூடினால் நல்லது என்னும் குறிக்கோளின் மதிப்பைக் குறிமாற்றிக் கொடுக்க வேண்டும். கட்டுப்பாடுகளை மீறும் தீர்வுகளை நீக்குங்கள். இரட்டிப்புகளை நீக்குங்கள். ஒரே கணத்துக்குள் மற்றொன்றால் தோற்கடிக்கப்பட்ட தீர்வுகளையும் நீக்கிவிடுங்கள்.

கடைசித் தலைமுறையை, அதாவது அல்காரிதம் கடைசிச் சுற்றில் கையில் வைத்திருக்கும் தீர்வுகளை, அளக்கப்போகிறீர்களா, ஓட்டம் முழுவதும் கண்ட நல்ல தீர்வுகளின் சேமிப்பை அளக்கப்போகிறீர்களா என்பதும் இங்கே முடிவாக வேண்டும். ஓர் அல்காரிதத்தின் சேமிப்பையும் இன்னொன்றின் கடைசித் தலைமுறையையும் எதிரெதிரே வைப்பது அநியாயம். கணத்தின் அளவும் கவனத்துக்கு உரியது. மூன்று குறிக்கோள்களில், திசைகளைச் சீராகப் பரப்பி இயங்கும் அல்காரிதங்கள் 91 புள்ளிகளோடு ஓடுவது வழக்கம். எதிரில் இருப்பது 100 புள்ளிகளோடு ஓடினால், அந்த 9 புள்ளிகளே சில அளவுகோல்களில் வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

படி 3: முதல் கேள்வி விஞ்சுதல்

எந்த எண்ணையும் கணக்கிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு தீர்வு எந்தக் குறிக்கோளிலும் மோசமாக இல்லாமல், ஒன்றிலாவது நன்றாக இருந்தால் அது மற்றதை விஞ்சுகிறது. ஒரு கணத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றக் கணத்தில் அதை விஞ்சும் புள்ளியோ சமமான புள்ளியோ இருந்து, இரு கணங்களும் ஒன்றாகவும் இல்லை என்றால், விஞ்சும் கணமே மேல். இதில் யாருடைய விருப்பமும் கலக்கவில்லை. செலவு முக்கியமா, மாசு முக்கியமா என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடக்கூடிய ஒரே தீர்ப்பு இதுதான்.

இரு கணங்களை எடுத்துக்கொள்வோம். முதல் எண் செலவு, இரண்டாவது எண் மாசு. இரண்டும் குறைவாக இருப்பதே நல்லது.

கணம் அ: (2, 5), (3, 3), (5, 2)
கணம் ஆ: (1, 8), (4, 4), (8, 1)

அ-வின் (3, 3), ஆ-வின் (4, 4)-ஐ விஞ்சுகிறது. ஆனால் (1, 8)-ஐ விஞ்ச அ-வில் யாரும் இல்லை. செலவு 1-க்கு இறங்கிய தீர்வு அங்கே கிடையாது. (8, 1)-க்கும் அதே கதை. ஆ-வின் எந்தப் புள்ளியும் அ-வின் எதையும் விஞ்சவில்லை. ஆகவே இவை ஒப்பிட முடியாத கணங்கள். அ நடுவில் நெருங்கி வந்திருக்கிறது, ஆ ஓரங்களைத் தொட்டிருக்கிறது.

நடைமுறையில் வரும் கணங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இங்கிருந்து மேலே செல்லும் ஒவ்வோர் அளவுகோலும் ஏதோ ஒரு விருப்பத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொல்கிறது. அந்த விருப்பம் இல்லாததுபோல் எழுதுவதுதான் தவறு.

கணத்துக்கு ஓர் எண் என்று தரும் அளவுகோல்களுக்கு ஓர் எல்லை உண்டு. எக்கார்ட் சிட்ஸ்லர், லோத்தார் தீலே, மார்கோ லாவ்மன்ஸ், கார்லோஸ் ஃபொன்செகா, விவியான் குருனெர்ட் டா ஃபொன்செகா ஆகிய ஐவர் 2003-ல் அதை நிறுவினார்கள். அத்தகைய அளவுகோல்களை எத்தனை சேர்த்தாலும், எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும்வரை, ஒரு கணம் மற்றதைவிட மேலானதா என்பதைப் பொதுவாக அவற்றைக் கொண்டு முழுமையாகக் கண்டறிய முடியாது. பத்து அளவுகோல்களை அட்டவணையாக அடுக்கினால் நம்பகம் கூடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த முடிவை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

படி 4: அலகுகளைச் சமன் செய்தல்

செலவு லட்சக்கணக்கான ரூபாயில், மாசு கிலோகிராமில் என்றால் தூரத்தை அளக்கும் எந்தச் சூத்திரமும் செலவை மட்டுமே பார்க்கும். ஒப்பிடப்படும் எல்லா அல்காரிதங்களின் எல்லா ஓட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, விஞ்சப்படாத புள்ளிகளை மட்டும் எடுங்கள். அவற்றில் ஒவ்வொரு குறிக்கோளின் மிகச் சிறிய மதிப்புகளும் சேர்ந்தது இலட்சியப் புள்ளி. மிகப் பெரிய மதிப்புகளும் சேர்ந்தது நாடிர் புள்ளி. முதலாவதை 0 ஆகவும் இரண்டாவதை 1 ஆகவும் வைத்து மற்றவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் இயல்பாக்கம். மேலே கண்ட இரு கணங்களைச் சேர்த்தால் (4, 4) விழுந்துவிடும். மீதமுள்ளவற்றில் இலட்சியப் புள்ளி (1, 1), நாடிர் புள்ளி (8, 8).

எல்லாத் தீர்வுகளையும் சேர்த்துப் பெரிய மதிப்பை எடுக்க வேண்டாம். எங்கோ விலகிப்போன ஒரு மோசமான தீர்வு அளவுகோலையே நீட்டிவிடும். ஒவ்வோர் அல்காரிதத்தையும் அதனதன் எல்லைகளைக் கொண்டு தனித்தனியாக மாற்றுவது அதைவிடக் கெட்டது. பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

படி 5: ஹைப்பர்வால்யூம்

1998-ல் சிட்ஸ்லரும் தீலேயும் அறிமுகப்படுத்திய இந்த அளவுகோல்தான் இன்றும் அதிகம் நம்பப்படுகிறது. கருத்து எளிது. எல்லாத் தீர்வுகளையும்விட மோசமான ஒரு குறிப்புப் புள்ளியை வைக்கிறோம். கணத்தில் உள்ள புள்ளிகள் விஞ்சும் பகுதியில் அந்தக் குறிப்புப் புள்ளி வரை எவ்வளவு பரப்பு அடங்குகிறது என்று அளக்கிறோம். மூன்று குறிக்கோள் என்றால் கன அளவு. பெரிய மதிப்பே நல்லது.

குறிப்புப் புள்ளியை (9, 9)-இல் வைத்துக் கையால் கணக்கிடுவோம். புள்ளிகளைச் செலவின் ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அகலம் என்பது அடுத்த புள்ளியின் செலவு வரை உள்ள தூரம். கடைசிப் புள்ளிக்குக் குறிப்புப் புள்ளி வரை. உயரம் என்பது 9-லிருந்து அந்தப் புள்ளியின் மாசைக் கழித்தது.

கணம் அ: 1 × 4 = 4; 2 × 6 = 12; 4 × 7 = 28. மொத்தம் 44.
கணம் ஆ: 3 × 1 = 3; 4 × 5 = 20; 1 × 8 = 8. மொத்தம் 31.

அ தெளிவாக வென்றுவிட்டது. இப்போது குறிப்புப் புள்ளியை மட்டும் (20, 20)-க்கு நகர்த்துங்கள். தீர்வுகளில் கை வைக்க வேண்டாம்.

கணம் அ: 1 × 15 = 15; 2 × 17 = 34; 15 × 18 = 270. மொத்தம் 319.
கணம் ஆ: 3 × 12 = 36; 4 × 16 = 64; 12 × 19 = 228. மொத்தம் 328.

இப்போது ஆ வென்றுவிட்டது. இரண்டும் சமமாகும் இடம் (15.5, 15.5), அதற்கு உள்ளே அ, வெளியே ஆ. குறிப்புப் புள்ளி தொலைவில் போகப் போக ஓரங்களில் உள்ள தீர்வுகளுக்கு அளவுக்கு மீறிய எடை கிடைக்கிறது. நேர்மாறாக, அதை நாடிர் புள்ளியான (8, 8)-இலேயே வைத்தால் (1, 8), (8, 1) இரண்டின் பங்கும் பூஜ்யம். ஆ-வுக்கு (4, 4) தரும் 16 மட்டுமே மிஞ்சும், அ-வுக்கு 31. ஒரு கட்டுரையில் ஹைப்பர்வால்யூம் அட்டவணை இருந்து குறிப்புப் புள்ளி எங்கே என்று சொல்லப்படாமல் இருந்தால், அந்த அட்டவணையை நான் பொருட்படுத்துவதில்லை.

அப்படியானால் எங்கேதான் வைப்பது? இயல்பாக்கிய பிறகு ஒவ்வோர் அச்சிலும் 1.1 என்பது நெடுநாள் வழக்கம். இரு குறிக்கோளும் நூறு புள்ளிகளும் இருந்தால் அது பெரிய தொல்லை தராது. குறிக்கோள்கள் கூடி, புள்ளிகள் குறைவாக இருக்கும்போது தடுமாறும். ஹிசாவ் இஷிபுச்சியும் உடன் பணிபுரிந்தோரும் 2018-ல் ஒரு வழியைக் காட்டினார்கள்: 1-உடன், ஓர் அச்சில் உள்ள பிரிவுகளின் எண்ணிக்கையால் 1-ஐ வகுத்து வருவதைக் கூட்டுங்கள். இரு குறிக்கோளில் பிரிவு என்பது புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. நம் எடுத்துக்காட்டில் 3 புள்ளிகள், 2 பிரிவுகள், ஆகவே 1.5, பழைய அலகில் அது (11.5, 11.5). அங்கே அ-வுக்கு 85.25, ஆ-வுக்கு 77.25. மூன்று குறிக்கோளில் 91 புள்ளிகள் என்றால் 12 பிரிவுகள், ஏறக்குறைய 1.083. நேர்க்கோடாகவோ தட்டையாகவோ உள்ள முகப்பில் சீராகப் பரவிய புள்ளிகளுக்கு ஓரமும் நடுவும் ஏறத்தாழ ஒரே எடை பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம். முகப்பு வளைந்திருந்தால் இதுவும் தோராயம்தான். அதனால் இரண்டு மூன்று குறிப்புப் புள்ளிகளில் கணக்கிட்டு, தரவரிசை மாறுகிறதா என்று பார்ப்பதைப் பரிந்துரைப்பேன். மாறினால் அதை மறைக்காதீர்கள். ஒரு கணம் ஓரத்தில் வலுவானது, மற்றது நடுவில் வலுவானது என்னும் தகவல் அதில்தான் இருக்கிறது.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் ஹைப்பர்வால்யூமை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்? ஒரு கணம் மற்றதை உண்மையாகவே விஞ்சினால், தகுந்த குறிப்புப் புள்ளியில், அதன் ஹைப்பர்வால்யூம் கட்டாயம் பெரியதாக இருக்கும். ஆனால் எதிர்த்திசையில் வாசிக்கக் கூடாது. 44 என்பது 31-ஐவிடப் பெரியது என்பதால் அ, ஆ-வை விஞ்சுகிறது என்று ஆகாது. ஆ, அ-வை விஞ்சவில்லை என்பது மட்டுமே உறுதி.

கணக்கிடும் செலவு பற்றிச் சில வார்த்தைகள். இரண்டு, மூன்று குறிக்கோளில் புள்ளிகளை வரிசைப்படுத்தும் செலவோடு வேலை முடிந்துவிடும். குறிக்கோள்கள் கூடும்போது செலவு மளமளவென ஏறும். துல்லியமான கணக்கு இயல்பிலேயே கடினமான வகையைச் சேர்ந்தது என்று கார்ல் பிரிங்மனும் டோபியாஸ் ஃப்ரீட்ரிஷும் நிறுவியிருக்கிறார்கள். குறிக்கோள்கள் பத்தை நெருங்கும்போது மான்டே கார்லோ முறையில், எழுந்தமானமாகப் புள்ளிகளை வீசி எத்தனை உள்ளே விழுகின்றன என்று எண்ணுவதே பெரும்பாலும் நடைமுறை வழி. அப்போது இரு கணங்களுக்கும் அதே வீச்சுப் புள்ளிகளைப் பயன்படுத்துங்கள்.

படி 6: தூர அளவுகோல்களும் ஐஜிடி வைக்கும் பொறியும்

உண்மையான முகப்பு, அதாவது வேறு எந்தத் தீர்வாலும் விஞ்ச முடியாத தீர்வுகளின் முழுக் கணம், தெரிந்திருந்தால், அதிலிருந்து நம் கணம் எவ்வளவு தூரம் என்று அளக்கலாமே என்று தோன்றும். அதில் இரு திசைகள் உண்டு. நம் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முகப்புக்கு உள்ள தூரத்தின் சராசரி ஜிடி (Generational Distance). முகப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நம் கணத்தின் மிக அருகிலுள்ள புள்ளிக்கு உள்ள தூரத்தின் சராசரி ஐஜிடி (Inverted Generational Distance). ஜிடியை எளிதில் ஏமாற்றலாம்: முகப்பின் மேல் ஒரே ஒரு தீர்வை வைத்திருக்கும் கணத்துக்கு அது 0. பரவலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. ஐஜிடி நெருக்கத்தையும் பரவலையும் ஒரே எண்ணில் பிடிக்கிறது என்பதால், குறிக்கோள்கள் அதிகமுள்ள கணக்குகளில் அது பெரிதும் புழங்குகிறது.

ஆனால் அதன் பொறி ஆழமானது. முகப்பைக் குறிக்கும் புள்ளிகள் (0, 10), (1, 1), (10, 0) என்று கொள்ளுங்கள். ஒரு கணத்தில் (2, 2) என்னும் ஒரே தீர்வு. மற்றதில் (2, 9), (9, 2) என்னும் இரண்டு தீர்வுகள். (2, 2) அந்த இரண்டையும் விஞ்சுகிறது. விவாதத்துக்கே இடமில்லை, முதல் கணமே மேல்.

ஐஜிடியைக் கணக்கிடுங்கள். முதல் கணத்துக்கு (0, 10)-லிருந்து தூரம் 8.25, (1, 1)-லிருந்து 1.41, (10, 0)-லிருந்து 8.25, சராசரி 5.97. இரண்டாவதற்கு 2.24, 8.06, 2.24, சராசரி 4.18. ஐஜிடியில் சிறியதே நல்லது. ஆக, எந்த வகையிலும் மோசமான கணம் வென்றுவிட்டது! முகப்புப் புள்ளியைவிட ஒரு குறிக்கோளில் நன்றாக இருப்பதையும் ஐஜிடி தூரம் என்றே எண்ணித் தண்டிக்கிறது, குளறுபடி அங்கேதான்.

2015-ல் இஷிபுச்சி குழுவினர் இதற்கு ஒரு சிறு திருத்தத்தைச் சொன்னார்கள். தூரத்தைக் கணக்கிடும்போது, முகப்புப் புள்ளியைவிட மோசமாக உள்ள குறிக்கோள்களை மட்டும் எடுங்கள். நன்றாக உள்ளவற்றுக்கு 0 போடுங்கள். இதுவே ஐஜிடி பிளஸ். மறுபடி பாருங்கள். முதல் கணத்துக்கு 2, 1.41, 2, சராசரி 1.80. இரண்டாவதற்கு 2, 8.06, 2, சராசரி 4.02. தீர்ப்பு நேரானது. மேலான கணத்துக்கு ஐஜிடி பிளஸ் ஒருபோதும் மோசமான மதிப்பைத் தராது. சில வேளை சமமான மதிப்பைத் தரலாம், அவ்வளவே. கணக்கிடும் செலவு ஐஜிடியின் செலவேதான். இதற்குப் பிறகும் வெறும் ஐஜிடியை மட்டும் தருவதற்கு, பழைய அட்டவணைகளோடு ஒப்பிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

மின்சுமைப் பகிர்வு போன்ற நிஜக் கணக்குகளில் உண்மையான முகப்பு யாருக்கும் தெரியாது. எல்லா அல்காரிதங்களின் எல்லா ஓட்டங்களையும் சேர்த்து, விஞ்சப்படாதவற்றை எடுத்து அதையே குறிப்புக் கணமாக வைப்பார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அதிகம் புள்ளிகள் கொடுத்த அல்காரிதத்தின் பக்கம் அந்தக் கணம் சாய்ந்திருக்கும். ஆகவே அடர்ந்த இடங்களைக் கத்தரித்துச் சீராக்குங்கள். புதிதாக ஓர் அல்காரிதத்தை ஒப்பீட்டில் சேர்த்தால் குறிப்புக் கணமும் மாறும். பழைய எண்கள் எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட்டே ஆக வேண்டும்.

படி 7: எப்சிலான், மற்றும் விட்டுவிடக்கூடியவை

கூட்டல் எப்சிலான் இரு கணங்களை நேருக்கு நேர் நிறுத்துகிறது. முதல் கணத்தை எல்லாக் குறிக்கோளிலும் எவ்வளவு குறைத்தால் அது மற்றக் கணம் முழுவதையும் மூடிவிடும், அதாவது அதன் ஒவ்வொரு புள்ளியையும் விஞ்சும் அல்லது அதற்குச் சமமாகும், என்பதே அது கேட்கும் கேள்வி. நம் பழைய அ, ஆ கணங்களில், அ-வை 1 அலகு குறைத்தால் ஆ முழுவதும் மூடப்படும். ஆ-வை 2 அலகு குறைத்தால்தான் அ மூடப்படும். இரண்டும் 0-வைவிடப் பெரியவை என்பதால் கணங்கள் ஒப்பிட முடியாதவை என்று இந்த இரு எண்களே சொல்லிவிடுகின்றன. ஒன்று 0 அல்லது அதற்குக் கீழே வந்து மற்றது 0-க்கு மேலே இருந்தால் விஞ்சுதல் உறுதி. படி 3-இல் கண்ட எல்லை ஒரு கணத்துக்கு ஓர் எண் தரும் அளவுகோல்களுக்கு. இரு கணங்களைச் சேர்த்துப் பார்க்கும் எப்சிலான் அதைத் தாண்டிவிடுகிறது. மேலாளரிடம் விளக்கவும் எளிது, ஏனென்றால் விடை குறிக்கோளின் அலகிலேயே வருகிறது. ஒரே ஒரு மோசமான இடைவெளி மொத்த எண்ணையும் தீர்மானித்துவிடும் என்பது இதன் குறை.

ஒரு கணம் மற்றதில் எத்தனை பங்கை மூடுகிறது என்று எண்ணும் அளவுகோலை இருபுறமும் கணக்கிட வேண்டும். நம் கணங்களில் ஒருபுறம் மூன்றில் ஒன்று, மறுபுறம் 0; இரண்டும் சேர்ந்து 1 ஆக வேண்டும் என்று இல்லை. புள்ளிகளுக்கிடையே உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பரவல் அளவுகோல்களைத் தனியாக நம்பவே வேண்டாம். முகப்பிலிருந்து வெகு தொலைவில் அழகாக வரிசைகட்டி நிற்கும் கணமும் அவற்றில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

படி 8: ஒரு முறை ஓட்டினால் போதாது

இந்த அல்காரிதங்கள் எழுந்தமான எண்களை நம்பியவை. விதை எண் மாறினால் விடை மாறும். இருபது முப்பது தனித்தனி ஓட்டங்கள் என்பது இத்துறையின் வழக்கம். குறைந்தது எத்தனை என்று கேட்டால், எளிய எண்ணிக்கைக் கணக்கே ஒரு தரைமட்டத்தைக் காட்டுகிறது. இரு தரப்பிலும் மூன்று மூன்று ஓட்டங்கள் இருந்து, ஒரு தரப்பின் மூன்றும் மற்றதன் மூன்றையும் தோற்கடித்தாலும், வில்காக்ஸன் தரக்கூட்டல் சோதனையின் இருபுறப் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இத்தகைய விடை தற்செயலாக வரும் வாய்ப்பு) 20-இல் 2, அதாவது 0.1. வழக்கமான 0.05-ஐ அது எட்டவே முடியாது. மூன்று ஓட்டங்களை வைத்துக்கொண்டு புள்ளியியல் சோதனை நடத்துவது வீண்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனித்தனியாக ஹைப்பர்வால்யூமையும் ஐஜிடி பிளஸையும் கணக்கிட்டு, அந்த எண்களின் மேல்தான் சோதனையை நடத்த வேண்டும். எல்லா ஓட்டங்களின் தீர்வுகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரே முகப்பாக்கி அளந்தால், எப்போதோ ஒருமுறை அதிர்ஷ்டம் அடித்த அல்காரிதம் நிலையானதுபோல் தோன்றும். மதிப்புகள் மணி வடிவில் பரவியிருக்கும் என்று நம்பக் காரணம் இல்லாததால், தரவரிசையை வைத்து இயங்கும் சோதனைகளே பாதுகாப்பு. இரு அல்காரிதத்துக்கு வில்காக்ஸன். பலவற்றை ஒரே கணக்கில் ஒப்பிட குருஸ்கால்-வாலிஸ், பல கணக்குகளில் ஒப்பிட ஃப்ரீட்மன். பல ஜோடிகளைச் சோதிக்கும்போது தற்செயலான வெற்றிகள் பெருகும், அதை அடக்கும் ஹோம் திருத்தத்தை மறக்க வேண்டாம்.

பி மதிப்போடு நின்றுவிடாதீர்கள். முப்பது ஓட்டங்களில் மிகச் சிறிய வித்தியாசம்கூட 0.05-க்குக் கீழே வந்துவிடலாம். வர்கா, டிலானி இருவரும் 2000-இல் தந்த விளைவளவு எளிமையானது: முதல் அல்காரிதத்தின் ஓர் ஓட்டத்தையும் இரண்டாவதன் ஓர் ஓட்டத்தையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், முதலாவது வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? 0.5 என்றால் வித்தியாசமே இல்லை, 0.71-க்கு மேல் என்றால் பெரிய வித்தியாசம் என்பது வழக்கு.

அட்டவணையை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிட்ஸ்லர், தேப், தீலே மூவரும் 2000-இல் தந்த சோதனைக் கணக்குகளில் முதலாவதில், உண்மையான முகப்பில் மாசின் இடத்தில் உள்ள குறிக்கோள், 1-லிருந்து மற்றதன் வர்க்கமூலத்தைக் கழித்தால் வரும். குறிப்புப் புள்ளி (1.1, 1.1) என்றால் முழு முகப்பின் ஹைப்பர்வால்யூம் 1.21-லிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தது, அதாவது 0.8767. இரு அல்காரிதங்கள் 0.8701, 0.8647 பெற்றன என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். 0.8767-லிருந்து கழித்துப் பாருங்கள்: 0.0066, 0.0120. இரண்டாவதன் குறை கிட்டத்தட்ட இருமடங்கு. உச்ச மதிப்பு தெரிந்த இடத்தில் எல்லாம் வித்தியாசத்தையே தாருங்கள்.

படி 9: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படம்

கணத்தை எண்ணாகச் சுருக்கும்போது எந்த இடத்தில் வென்றது என்னும் தகவல் தொலைந்துவிடுகிறது. ஃபொன்செகாவும் பீட்டர் ஃப்ளெமிங்கும் 1996-இல் முன்வைத்த எட்டல் சார்பு அதை மீட்டுத் தருகிறது. குறிக்கோள் வெளியில் ஒவ்வோர் இடத்தையும் எத்தனை விழுக்காடு ஓட்டங்கள் எட்டின என்று வரைவதுதான் அது. பாதி ஓட்டங்களாவது எட்டிய எல்லைக்கோடு, வழக்கமான ஓட்டம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும். இரு அல்காரிதங்களின் வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நிழலிட்டு வரைந்தால், ஒன்று மலிவான முனையில் வல்லது, மற்றது மாசு குறைந்த முனையில் வல்லது என்பது கண்ணுக்கே தெரியும். இரு குறிக்கோள் கணக்குகளில் இந்தப் படத்தை விடவே கூடாது. எந்த முனையில் எத்தனை ஓட்டங்கள் தடுமாறின என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

ஓட்டம் முடிந்த நொடியை மட்டும் பார்க்காமல், மதிப்பீடுகள் கூடக் கூட ஹைப்பர்வால்யூம் எப்படி ஏறுகிறது என்றும் வரையுங்கள். 10,000 மதிப்பீட்டில் தோற்ற அல்காரிதம் 1,000-இல் வெகுவாக முந்தியிருக்கலாம். சிமுலேஷன் விலை உயர்ந்ததாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது அதுவே. கோகோ என்னும் ஒப்பீட்டு மேடையின் 55 இரு-குறிக்கோள் சோதனைச் சார்புகளும் ஏறத்தாழ இந்த நோக்கில்தான் அளக்கப்படுகின்றன: ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட எத்தனை மதிப்பீடுகள் ஆயின என்று.

படி 10: கருவியைச் சோதித்து, அறிக்கையை எழுதுதல்

பைத்தானில் பைமூ, பைத்தானிலும் ஆர் மொழியிலும் மூகோர், ஜாவாவில் ஜேமெட்டல், மேட்லேபில் பிளாட்எமோ என்று ஆயத்தமான கருவிகள் உண்டு. சொந்தமாக எழுத வேண்டிய அவசியம் குறைவு. எதைப் பயன்படுத்தினாலும் முதலில் மேலே கண்ட அ, ஆ கணங்களைக் கொடுத்துப் பாருங்கள். குறிப்புப் புள்ளி (9, 9)-க்கு 44, 31 என்று வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் திசை தலைகீழாக இருக்கும், அல்லது உங்களுக்குத் தெரியாமல் கருவி இயல்பாக்கம் செய்திருக்கும். படி 6-இன் இரு கணங்களுக்கு முறையே ஐஜிடி 5.97, 4.18, ஐஜிடி பிளஸ் 1.80, 4.02.

அறிக்கையில் இவை கட்டாயம் இருக்கட்டும்: இயல்பாக்க எல்லைகள், குறிப்புப் புள்ளி, குறிப்புக் கணம் எப்படிக் கிடைத்தது, கணத்தின் அளவு, மதிப்பீட்டு வரம்பு, ஓட்டங்களின் எண்ணிக்கை, சராசரியோடு இடைநிலையும் கால்மான வீச்சும், சோதனையின் பெயர், விளைவளவு. முடிந்தால் ஒவ்வோர் ஓட்டத்தின் மூலப் புள்ளிகளையும் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். நாளை வேறொருவர் வேறு குறிப்புப் புள்ளியில் அளந்து பார்க்க விரும்பலாம், அதற்கு உங்கள் அட்டவணை உதவாது.

முடிவெடுப்பவரின் விருப்பம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மேலே சொன்ன பலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். மாசு 4 அலகைத் தாண்டினால் உரிமமே கிடையாது என்றால், அந்த எல்லைக்கு மேலே உள்ள புள்ளிகளை முதலிலேயே நீக்கிவிட்டு அளக்க வேண்டும். நம் கணங்களில் (2, 5), (1, 8) இரண்டும் போய்விடும். அ-வில் (3, 3), (5, 2), ஆ-வில் (4, 4), (8, 1) மிஞ்சும். அ இன்னும் (8, 1)-ஐ விஞ்சவில்லை. ஆகவே மாசை 2-லிருந்து 1-க்கு இறக்குவதற்காகச் செலவு 5-லிருந்து 8-க்கு ஏறுவதை ஏற்பார்களா என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அதை மின் நிலையத்தை நடத்துகிறவர்களிடமே கேட்டுவிடலாம்.